மின்மினி பேசாத டிஸ்க்

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதிலிருக்கும் குறைதான் என் கண்ணில் படும். பிறவிக் குணமா, முப்பது வருடம் பேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பார்த்த பழக்கமா, எனக்கே தெரியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பாரில் உப்பு தூக்கல் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. "உங்க வாயில நல்ல வார்த்த ஒண்ணு வந்தா அன்னிக்கி மழ கொட்டும்" என்பாள் என் மனைவி. கோலார் தங்கவயலில் மழை எப்போதுமே குறைவு. அந்தப் பழியும் என் தலையில்தான்.

பேக்டரியில் என் வேலை காதால் பார்க்கிற வேலை. மண் வாரும் பெரிய வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் பூட்டி, டெஸ்ட் பெட் என்கிற சோதனை மேடையில் ஏற்றி ஓடவிடுவார்கள். நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு நான் கேட்பேன். எது நல்ல பேரிங், எது பத்து நாளில் பல்லிளிக்கும் என்று சொல்லிவிடுவேன். நான் தலையாட்டினால் கியர்பாக்ஸ் வண்டிக்குப் போகும். கையை விரித்தால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி பூட்டவேண்டும். எங்கள் செக்ஷன் மேனேஜர் பங்காருபேட்டைக்காரர். "அந்தாளு காது பொய் சொல்லாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு கிறுக்கும் எனக்கு உண்டு. சினிமா டிஸ்க். ஊரே போனில் படம் பார்க்கிற காலத்தில் நான் டிஸ்க் வாங்கி, தங்கவயலின் ஊரிகம் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து ஸ்பீக்கரும், அதிரும் சத்தத்துக்கென்று ஒரு ஊபரும் வைத்துப் பார்க்கிறவன். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டேன். படம் எப்படி என்று எவன் வேண்டுமானாலும் எழுதுவான். நான் டிஸ்க் எப்படி என்று எழுதுவேன். கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, சாம்பல் பூத்துக் கிடக்கிறதா. முகத்தைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று தோலையே வழித்துவிட்டார்களா. சப்டைட்டில் பேச்சோடு வருகிறதா, பஸ்ஸை விட்டவன் மாதிரி பின்னால் ஓடி வருகிறதா. டிஸ்க் சேர்க்கிற நூறு பேர் இருக்கும் ஒரு போன் குழுவில் இதையெல்லாம் எழுதி, கடைசி வரியில் பேக்டரி வழக்கப்படி 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' என்று போடுவேன். பாஸ் குறைவுதான்.

மேனேஜரின் தம்பி பெங்களூரில் சின்னதாக ஒரு டிஸ்க் கம்பெனி நடத்துகிறார். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடிய கன்னட மாயாஜாலப் படம் ஒன்றை, புதிதாகத் தமிழ் ஒலியும் சேர்த்து டிஸ்க்காகப் போட ஏற்பாடு செய்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும் என்று அண்ணனிடம் கேட்க, அண்ணன் என்னைக் கைகாட்டிவிட்டார். நான் சொல்வதே முடிவு என்று பேச்சு.

சோதனை டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தவள் என் அக்கா மகள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மாரிகுப்பத்திலிருந்து வரும் ரயிலில் ஏறி தினமும் அந்தக் கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போய்வருகிறாள். மூன்று வருடம் சப்டைட்டில் அடித்துக்கொண்டே, ஒலி வேலையை அவளாகவே கற்றுக்கொண்டவள். கெஞ்சிக் கேட்டு வாங்கிய முதல் படம் இது. தமிழ் ஒலி முழுக்க அவள் பொறுப்பு.

"இது பாஸ் ஆச்சின்னா சவுண்டு டேபிள் உனக்குத்தான்னு மொதலாளி சொல்லிட்டாரு மாமா. ஆவலன்னா திரும்ப சப்டைட்டில். வேற ஆளு ரெடியா காத்துக்கினு கீறாரு" என்றாள்.

"அக்கா பொண்ணுன்னு பாத்தெல்லாம் மார்க் போடமாட்டேன்."

"அது தெரியும். அதான் பயமா கீது."

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "மெனுவுல ஹெட்போனுக்குன்னு தனியா ஒரு சவுண்டு கீது மாமா. அத்த மட்டும் பொறுமையா கேளுங்க. மத்ததெல்லாம் யாருனா பண்ணுவாங்க. அது நான் பண்ணது."

அன்று சனிக்கிழமை. மதியம் சாப்பிட்டதும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கதை இதுதான். ஒரு மலையடி ஊரில் ஜனங்களின் தூக்கத்தையெல்லாம் பூதம் திருடி, பானை பானையாக மலைமேல் அடுக்கி வைத்திருக்கிறது. ஊரே கண் சிவந்து, எரிந்து விழுந்துகொண்டு திரிகிறது. கைக்குழந்தையான தன் தம்பியின் தூக்கத்தை மீட்டு வர ஒரு சிறுமி மலை ஏறுகிறாள். அவள் இடது தோளில் ஒரு மின்மினி. அது பேசும், அவளுக்கு மட்டுமே கேட்கும். பேசும்போது மின்னும், பேச்சை நிறுத்தினால் அணைந்துவிடும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். இத்தனை பானை தூக்கத்தை வைத்துக்கொண்டும் பூதத்துக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வராது என்று பாதியில் தெரியும்போது நானே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் நான் கதை பார்க்க உட்காரவில்லை. படம் சுத்தம். காட்டுக் கறுப்பு நல்ல கறுப்பு, பூதத்தின் பச்சை பக்கத்தில் கசியவில்லை. பனிமூட்டம் வரும் ஓரிடத்தில் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தது, குறித்துக்கொண்டேன். சப்டைட்டிலில் இரண்டு இடத்தில் கடைசி எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டது, குறித்துக்கொண்டேன். கூடுதல் பகுதியில் பூதம் வேஷம் போட்டவர் தலையைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கிறார். பயந்த பிள்ளைக்கு அதைக் காட்டினால் பயம் போய்விடும், நல்ல வேலை என்று எழுதினேன்.

ஸ்பீக்கர் ஒலியிலும் குறையில்லை. பூதம் நடந்தபோது சமையலறை ஷெல்பில் ஏனமெல்லாம் ஆடி, என் மனைவி கரண்டியோடு வாசலுக்கே ஓடிவிட்டாள். சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே பாறை வெடித்தால் இப்படித்தான் ஏனம் ஆடும். சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகியும் இங்கே பிறந்தவர்களுக்கு அந்த ஓட்டம் காலிலேயே இருக்கிறது.

"இன்னாங்க அது?"

"பூதம்."

"பூதத்த கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்க. எதிர் வூட்டுக்காரங்க எல்லாம் ரோட்ல நிக்கறாங்க."

மின்மினியின் குரலும் வந்தது. சன்னமாகத்தான் வந்தது, பூச்சிதானே என்று விட்டுவிட்டேன். முதல் முறையாக என் நோட்டில் 'பாஸ்' என்று எழுதும் நிலைமை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஹெட்போனை எடுத்தேன். அது எனக்குப் பழக்கமில்லாத சாமான். வாங்கிப் பெட்டிகூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். இடது என்று போட்டிருந்ததை இடதிலும் வலது என்று போட்டிருந்ததை வலதிலும் ஒழுங்காக மாட்டினேன். காடு வந்தது, காற்று வந்தது, சிறுமியின் மூச்சு வந்தது. மின்மினி மின்னியது. பேச்சு இல்லை. "சரி, அப்போ அந்தப் பாறை வழியா போலாம்" என்கிறாள் சிறுமி. யாருக்குப் பதில் சொல்கிறாள்? மறுபடி மின்னியது. மறுபடி ஒன்றுமில்லை. படம் முழுக்க ஓட்டினேன். மின்மினி மின்னிக்கொண்டே இருந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி: அளவு தப்பாக வந்தால் முதலில் அளக்கிற கருவியைச் சந்தேகப்படு, வேறு கருவியால் அள. எதிர் வீட்டுக்குப் போய் அவர்கள் ஹெட்போனை வாங்கி வந்தேன். அதிலும் அதே கதைதான். இரண்டு கருவியும் ஒரே பதில் சொன்னால் கருவியில் தப்பில்லை, பொருளில்தான் தப்பு. இன்னொரு விதி: செய்தவனிடம் முதலில் சொல்லாதே, ரிப்போர்ட்டை முதலில் அனுப்பு, இல்லையென்றால் கண்ணைக் கசக்கி நம் கையைக் கட்டிவிடுவான். உடனே கம்பெனி முதலாளிக்கு எழுதினேன். 'ஹெட்போன் ஒலியில் மின்மினியின் வசனம் அடியோடு இல்லை. இரண்டு வெவ்வேறு ஹெட்போனில் சோதிக்கப்பட்டது. செய்தவரின் கவனக்குறைவு. ரிஜெக்ட்.' அந்த 'கவனக்குறைவு' தேவையில்லாத வார்த்தை. ஆனாலும் அதைச் சேர்த்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழையவும் அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா மாமா இப்டி எழுதிட்டீங்க? காலையில இருந்து மொதலாளி மூணு தடவ போன் பண்ணிட்டாரு. மின்மினியே இல்லன்னு நீங்க சொன்னதா சொல்றாரு."

"இல்லாதத இல்லன்னுதான் எழுதுவாங்க."

"கீது மாமா! நாலு மாசம் ஒக்காந்து பண்ணியிருக்கேன். இன்னொரு வாட்டி கேளுங்க."

"ரெண்டு ஹெட்போன்ல கேட்டாச்சி."

அவளே டிஸ்க்கைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் மின்மினி மின்னியது. "இதோ பேசுது. நல்லா கேக்குது" என்று கழற்றி என் தலையில் மாட்டினாள், இடது இடதாக, வலது வலதாக. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. முப்பது வருடமாக என் வாய்க்குப் பயந்தவர்களையே பார்த்தவன். நேற்று பிறந்தது என்னிடம் வந்து, இல்லாததை இருக்கிறது என்று சாதிக்கிறது!

"நீ பண்ண வேல, உனக்கு கேக்காம இன்னா? அது மனசுல கேக்கறது. அதுக்குதான் எவனும் தன் வேலைக்குத் தானே கையெழுத்துப் போடக்கூடாதுன்னு வச்சிருக்காங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் கோணலா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஹெட்போனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. தப்பை ஒத்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"சரி மாமா. உங்களுக்கு கேக்கலன்னா இல்லன்னுதான் அர்த்தம். நான் சரி பண்ணிடறேன்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, டிஸ்க்கைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

"பொண்ணு வயத்துல அடிச்சிட்டீங்களே. எடுத்தேன் கவுத்தேன்னு ஒரு ரிப்போர்ட்டு" என்று என் மனைவி உள்ளே போனவள் சாப்பாட்டுக்குக்கூடக் கூப்பிடவில்லை. நானே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

எந்தெந்த நிமிடத்தில் வசனம் இல்லை என்று பட்டியல் வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். மூன்று மணிக்கு அதை எழுத உட்கார்ந்தேன். நாலு இடம் குறித்திருப்பேன், கரண்ட் போயிற்று. திட்டிக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கரண்ட் திரும்பி வந்ததும் அவசரமாக எடுத்து மாட்டி, டிஸ்க்கை ஓடவிட்டேன்.

"பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கேன்" என்றது மின்மினி.

அவ்வளவு கிட்டத்தில், காது மடலில் உதடு படுகிற மாதிரி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'அட, வந்துடுச்சே!' என்று துள்ளினேன். பிறகுதான் உறைத்தது. மின்மினி சிறுமியின் இடது தோளில் இருக்கிறது. எனக்கு வலது பக்கம் கேட்கிறது. ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். அவசரத்தில் மாற்றி மாட்டியிருக்கிறேன். சரியாக மாட்டினேன். மின்மினி ஊமை. மாற்றி மாட்டினேன். பேசியது. சரியாக மாட்டினேன். ஊமை. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. கடைசியில் ஹெட்போனை வைத்துவிட்டு, இடது காதுக்குப் பக்கத்தில் விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன். வலது காதுக்குப் பக்கத்தில் தேய்த்தபோதுதான் சரசரவென்று கேட்டது. கருவியை மாற்று என்ற விதி, இன்ஸ்பெக்டரை மாற்றிப் பார் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை நான் வைப்பது வலது காதில். போன் பேசுவது வலது காதில். சர்ச் பாடகர் குழுவில் நான் நிற்பது இடது கோடியில். பாட்டெல்லாம் எனக்கு வலது பக்கத்திலிருந்துதான் வரும். எங்கள் அப்பா சுரங்கத்துக்குள் ட்ரில் பிடித்தே காது மந்தமானவர். அவருக்குக் கேட்கவேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கத்தியே பேசி வளர்ந்தோம். கத்திப் பேசுகிற வீட்டில் ஒருத்தன் காது போனால் யாருக்குத் தெரியும்? இப்படியெல்லாம் சமாதானம் சொல்லலாம். முழு உண்மை அதுவல்ல. பேக்டரியில் வருடத்துக்கு ஒருமுறை காது டெஸ்ட் உண்டு. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போது பட்டனை அமுக்கச் சொல்வார்கள். இரண்டு வருடமாக இடது காதுக்கு வரும்போது நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நர்ஸின் விரலைப் பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தேன். 'லேசா அடைச்சிருக்கு, ஜலதோஷம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரார் பொருளிலெல்லாம் குறை கண்டவன், என்னை மட்டும் பாஸ் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மனைவியைக் கூப்பிட்டேன். "எனக்கு இந்தக் காது கேக்கல" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "இப்பதான் தெரியுதா? எத்தினி வருஷமா நான் உங்க வலப்பக்கமே நடந்துக்கினு கீறேன். சொன்னா வூடு ரெண்டாவும். அதான் சொல்லல" என்றாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிடுச்சி, தெரியுமா? போவும்போது வாசல்ல கேட்டுச்சி, மாமாவுக்கு எப்பலருந்துன்னு" என்றாள்.

தெரிந்துகொண்டும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் முதலாளி வழியாக அன்றைக்கே அண்ணன் காதுக்குப் போகும். அண்ணன் என் மேனேஜர். டெஸ்ட் பெட்டில் காது கேட்காதவனை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் அவள் பிழைப்பு போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். நான் யோசித்தேன். ஒரு மணி நேரம் யோசித்தேன். அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பிறகு கோழைத்தனமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். முதலாளிக்குப் போன் போட்டு, "தப்பு என் ஹெட்போன்ல. டிஸ்க் பாஸ்" என்றேன்.

"இன்னாண்ணா, ரெண்டு ஹெட்போன்ல பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுமா கெட்டுப்போச்சி?" என்று சிரித்தார். "சொந்தக்காரப் பொண்ணுன்னு மனசு எளகுறீங்க, புரியுது. அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சிண்ணா, தப்பு தன்னுதுன்னு. மத்தியானமே வந்து ஒக்காந்து மாத்திக்கினு கீது. நாளைக்கி பத்து மணிக்கு ரெடி. அதான் அச்சுக்குப் போவும்."

என் கெட்டிக்காரத்தனமே என் கழுத்தைப் பிடித்தது. போனை வைத்துவிட்டு, பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ரயிலுக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் போய் என் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை ரயிலில் உட்கார இடமில்லை. பங்காருபேட்டையில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியது. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, என்ன சொல்வது என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் 'வயசாச்சி' என்று ஆரம்பித்தது. அது பொய், வயது என்ன செய்தது, நான் செய்தது அல்லவா.

கம்பெனியின் ஒலி அறை சின்னது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. அக்கா மகள் நேற்றுப் போட்டிருந்த அதே துணியில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முதலாளிக்கு என்னைப் பார்த்ததில் ஒரே குஷி. "நேர்லயே வந்துட்டீங்களா! கேளுங்கண்ணா, இப்ப சரியான்னு நீங்களே சொல்லுங்க" என்று ஹெட்போனை நீட்டினார்.

மாட்டினேன். மின்மினி பேசியது. எனக்கே கேட்டது. ஆனால் தோளில் இல்லை, காதருகில் இல்லை. தலைக்கு நடுவில் நின்று, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி உரக்கப் பேசியது. அது இனி சிறுமிக்கு மட்டும் கேட்கும் குரல் அல்ல. காட்டுக்கே கேட்கும் குரல். எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக அவள் நாலு மாத வேலையை ஒரே நாளில் தன் கையாலேயே கெடுத்து வைத்திருந்தாள்.

"இப்ப எப்டிண்ணா?"

"இதுக்கப்புறம் இவளுக்கு சவுண்டு டேபிள் உண்டா?" என்று கேட்டேன்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "மொத படத்துலயே இப்டி ஆனா எப்டிண்ணா. கொஞ்ச நாள் சப்டைட்டில் பண்ணட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவள் முதலாளிக்குப் பின்னால் நின்று எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினாள். வேணாம் மாமா, வேணாம். அந்தத் தலையாட்டல்தான் என்னை உடைத்தது. இருபத்தாறு வயதுப் பெண் என் மானத்தைக் காப்பாற்ற நிற்கிறாள். நான் அவள் வயிற்றில் அடித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறேன்.

"நேத்து வரைக்கும் இருந்ததுதான் சரி. அதுல ஒரு குத்தமும் இல்ல. எனக்கு இடது காது கேக்காது. ரெண்டு வருஷமாவது இருக்கும். மறைச்சி வச்சிருந்தேன்" என்றேன். 'வயசாச்சி' வரவில்லை.

முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விளையாடாதீங்கண்ணா, எங்கண்ணன் உங்க காதப் பத்தி..." என்று நிறுத்திக்கொண்டார்.

"அவருக்கும் சொல்லிடுங்க. மொதல்ல பழைய சவுண்டப் போட்டு நீங்க கேளுங்க. இதுவரைக்கும் நீங்க கேக்கவே இல்லியே?"

அவர் கேட்டிருக்கவில்லை. என் காதை நம்பி ஒரு பெண்ணை வேலையில் கீழே இறக்க இருந்தார். அக்கா மகள் அசையவில்லை; நான் ஒரு அதட்டல் போட்டதும் பழையதை ஓடவிட்டாள். முதலாளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். சிறுமி பாறை மேல் ஏறினாள். மின்மினி மின்னியது. பெரிய உடம்புக்காரர், மீசை வைத்த மனிதர், சட்டென்று தன் இடது தோளைத் திரும்பிப் பார்த்தார். யாரோ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி. அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்து வெட்கத்தோடு சிரித்தார். மறுபடி மின்னியது, மறுபடி திரும்பினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி திரும்பிப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பழசே போவட்டும். டேபிள்ல நீயே ஒக்காரும்மா" என்று முதலாளி ஹெட்போனைக் கழற்றினார்.

சாயங்கால வண்டிக்குத்தான் என்னால் ஊர் திரும்பமுடிந்தது. அவளும் கூட வந்தாள். வண்டி கிளம்புமுன்னே மேனேஜர் போன் பண்ணிவிட்டார். உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். "நாளைக்கி டெஸ்ட் பெட்டுக்குப் போவாதீங்க. நேரா மெடிக்கலுக்குப் போங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெட்டி நிறைய எங்கள் ஊர் ஆட்கள். சர்ச்சில் பார்க்கிற முகங்கள், பேக்டரியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், என் வாய்க்கு ஒருமுறையாவது சிக்கியவர்கள். எப்படியோ இரண்டு இடம் கிடைத்தது. அவள் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். வண்டி வேகம் எடுத்ததும் முன்னால் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி பேசினாள். திட்டுகிறாளோ, நன்றி சொல்கிறாளோ, அழுகிறாளோ. இரண்டு வருடமாக இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது 'ம்' என்று தலையாட்டுவது. தலை தன்னால் ஆடப் போயிற்று. நிறுத்தினேன்.

"ஏம்மா, எனக்கு அந்தப் பக்கம் காது கேக்காது. எந்திரிச்சி இந்தப் பக்கம் வந்து ஒக்காந்து சொல்லு" என்றேன்.

எங்கள் வீட்டுக் குரலில்தான் சொன்னேன். பெட்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிரில் இருந்தவர் தானாகவே நகர்ந்து வழிவிட்டார். அவள் எழுந்து, என் முழங்காலைத் தாண்டி வலது பக்கம் வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்.